கராஜ் கதவுக்கு இந்தப் பக்கம்

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையில் கல்யாணம் வைக்கிறவர்களை நான் நம்புவதில்லை. வருடத்தில் வேறு நாளா இல்லை? எங்கள் ஊரில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை ஃபுட்பாலுக்கு. சாவு வீடாக இருந்தாலும் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்டர் அடக்கத்துக்கு நேரம் குறிப்பார். போலீஸ் வேலை பார்த்தாலும் நீங்களும் அலபாமாக்காரர்தான், டெபுடி பர்னெட், உங்களுக்குத் தெரியாததா. காபிக்கு நன்றி. உங்கள் சாவிக்கொத்தில் தொங்குவது ஆரஞ்சு நிறம் மாதிரி தெரிகிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

என் பெயர் ராய்ஸ் டிட்மோர். கேஸ் நிரப்பும் கம்பெனியில் லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவன். லட்லோ கல்லூரியில் நான் படித்ததில்லை, அதன் வகுப்பறை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் அப்பாவின் தோளில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்த நாளிலிருந்து லட்லோ நாரைகள்தான் என் அணி. பச்சையும் வெள்ளையும்தான் என் நிறம். என் மனைவி பிரிந்து போனபோது வீட்டில் பச்சை இல்லாத சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் பெரிதாக எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் பார்ப்பதற்கு ஒழுங்கு உண்டு. இது என் கிறுக்கு என்று நினைக்காதீர்கள், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நம் பசங்கள் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முன்னேறும்போது யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே இருக்க வேண்டும். கால்மேல் கால் போட்டிருந்தால் எடுக்கக் கூடாது. ஜெயிக்கும் வரை தொப்பியைத் துவைக்கக் கூடாது. ஒருவர் அறையை விட்டுப் போனதும் நாம் புள்ளி எடுத்தால், அவர் திரும்பி வரக் கூடாது. பக்கத்து வீட்டு லீமன், தன் சொந்த மாமியாரை ஒரு ஆட்டம் முழுக்கக் குளியலறையில் உட்காரவைத்தவன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோய் ஹாலிஸ் என் தங்கை வில்மாவின் இரண்டாவது கணவர். முதல் புருஷன் போய், பல வருஷம் தனியாக இருந்தவளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று ஊரே சொல்லும். நானும் மறுக்கவில்லை. நல்ல மனுஷர். நிலக்கடலை அவித்தால் உப்பு சரியாக இருக்கும். ஆனால் அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர். அங்கே எல்லோரும் கேல்வர்ட் கல்லூரிக்காரர்கள், ஆரஞ்சுக் கூட்டம். முதல் தடவை சாப்பிட வந்தபோதே கேட்டேன், நீங்கள் எந்தப் பக்கம் என்று. அவர் கடலையை உரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். நல்லா ஆடுறவன் ஜெயிக்கட்டும்."

கேல்வர்ட்காரன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இரண்டும் ஒன்று என்று சொல்கிறவன் எதையோ மறைக்கிறான். அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். அவருடைய பல் துலக்கும் பிரஷ் ஆரஞ்சு. கடையில் அந்த நிறம்தான் இருந்தது என்று வில்மா சொன்னாள், நான் அந்தக் கடைக்கே போய்ப் பார்த்தேன், நீலமும் இருந்தது. நாம் தோற்ற நாளில் அவர் இரண்டாவது தட்டு சாப்பிட்டார். நாம் ஜெயித்த நாளில் கொட்டாவி விட்டார். ஒருமுறை என் தொப்பி அழுக்காக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் துவைத்துப் போட்டார். அந்த வாரமே தோற்றோம். நல்ல எண்ணம் என்பது அவர் சொன்னது.

பிறகு இந்தக் கல்யாணம். கோயின் மூத்த தாரத்து மகளுக்கு. எந்த நாளில் வைத்தார்கள் தெரியுமா? லட்லோவும் கேல்வர்ட்டும் மோதும் நாளில். வருடத்துக்கு ஒருமுறை வரும் நாள். மாப்பிள்ளை வீட்டார் வடக்கே மினசோட்டாக்காரர்கள், அவர்கள்தான் நாள் குறித்தார்கள் என்று கோய் சொன்னார். பெண்ணைப் பெற்றவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் பல நாள் யோசித்தேன்.

வில்மா அழுதாள், அதனால் போனேன். வீட்டில் ஆட்டம் தானாகப் பதிவாகும்படி டிவியில் வைத்துவிட்டு, போனை அணைத்து டிராயரில் பூட்டிவிட்டுப் போனேன். கோயிடமும் போனை அணைக்கச் சொன்னேன். சரி மச்சான் என்று என் கண்ணெதிரே அணைத்தார். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டில் உட்கார்ந்து பதிவைப் பார்ப்பதாக ஏற்பாடு. யார் ஜெயித்தார்கள் என்று என்னிடம் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்று வில்மா சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

வாயை மூடலாம், முகத்தை மூட முடியுமா? பாதி ஆம்பிளைகள் வெளியே யாரோ ஒருவன் டிரக்கில் ரேடியோவைச் சுற்றி நின்றிருந்தார்கள். உள்ளே வருகிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் சுவரைப் பார்த்தே கேக் சாப்பிட்டேன். ஆனால் கோய் வெளியே போய் வந்தார். விருந்தினரை வழியனுப்பினேன் என்றார். வந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. மகள் கல்யாணம், சிரிக்காமல் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கிளம்பும்போது வில்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சர்ச் கூடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வர அவளுக்கு நேரமாகும். கோய்க்கு இதயத்தில் அடைப்பு இருப்பது எனக்கும் தெரியும்.

"அண்ணே, அவரு கோட்டு மேல ஒரு கண்ணு வச்சுக்க. மாத்திர அதுலதான் இருக்கு. நெஞ்ச புடிச்சார்னா நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கணும், அவ்ளோதான். பாத்துக்குவல்ல?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவளும் உங்களிடம் சொல்லியிருப்பாள்.

கொடி கட்டின வீடுகளையும் ஹாரன் சத்தத்தையும் தவிர்க்க, பருத்திக் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கோய் கோட்டைக் கழற்றிச் சோபாவின் கைப்பிடியில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பாதி ஆட்டத்துக்குள் கேல்வர்ட் பதினேழு, நாம் ஒன்றுமில்லை. பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் மாதிரி நம் பையன் கீழே போடுகிறான். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கோயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதற்றமே இல்லை. முடிவு தெரிந்தவன் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஐஸ் எடுக்க அவர் கராஜுக்குப் போனார். ஃப்ரீசர் அங்கேதான் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் போய்க் கதவு சாத்தினதும், அடுத்து பந்து கைக்கு வந்த உடனேயே நம் பையன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். ஐஸோடு வந்து உட்கார்ந்தார், பந்து மறுபடி கைநழுவியது. கடலை எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன், மறுபடி புள்ளி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"மாப்ளே, நீங்க அங்கயே இருங்க," என்றேன்.

அவர் சிரித்தார். "ஆட்டம் முடியிற வரைக்குமா? குளிருமே மச்சான்."

"மடக்கு நாற்காலி இருக்கு. போர்வ தரேன்."

போனார். குறை சொல்லக் கூடாது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போனார். ஜெயித்தா எனக்கும் ஒரு தொப்பி வாங்கித் தரணும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கதவைத் தாழ் போட்டேன். அவர் பாதியில் எட்டிப் பார்ப்பார் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வெளிப்பக்க ஷட்டரின் ஸ்பிரிங் உடைந்து நாளாகிறது, அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அது எனக்குத் தெரியும். தாழ் போடும்போது அதையும் நினைத்துப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். நினைத்துப் பார்த்தேன்.

கடைசிப் பகுதியில் நாம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து நம் கையில். பசங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறார்கள். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. முதலில் மெதுவாக. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். மனுஷருக்கு முடிவு தெரியும். சர்ச் வாசலில் ரேடியோவில் கேட்டிருக்கிறார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை, நம் பசங்கள் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து உடைக்கப் பார்க்கிறார். டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

சத்தத்தையும் மீறிக் கேட்டது. இதை முதல் நாள் நான் உங்களிடம் சொல்லவில்லை, கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நன்றாகவே கேட்டது.

"மச்சான், நெஞ்சு... கோட்டுல மாத்திர..."

கோட்டைப் பார்த்தேன். எட்டினால் கைக்கு வந்துவிடும். அது சோபாவின் கைப்பிடியில் இருந்தபோதுதான் நாம் ஒவ்வொரு முறையும் புள்ளி எடுத்திருக்கிறோம். அதை எடுத்தால் இடம் மாறும். எழுந்தால் நான் இடம் மாறுவேன். கதவைத் திறந்தால் அவர் இந்தப் பக்கம் வருவார். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தால் திரையில் முதலில் வருவது ஆட்டத்தின் முடிவுதான், ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பியிருப்பார்கள். எந்தப் பக்கம் யோசித்தாலும் உட்கார்ந்திருப்பதைத் தவிர வழி இல்லை. இன்னும் கொஞ்சம் தூரம்தான், முடிந்ததும் போகலாம் என்று நினைத்தேன். வில்மாவையும் நினைத்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தட்டும் சத்தம் கதவில் கீழே கீழே இறங்கி வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார், பிறகு படுத்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்தது. கடைசியில் நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. அது நின்ற அந்த நிமிஷம், அந்த நிமிஷமேதான், நம் பையன் மூன்று பேரை உதறிவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். ஜெயித்துவிட்டோம். கேல்வர்ட்டைத் தோற்கடித்து எத்தனை காலம் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். நான் கத்தவில்லை. அழுதேன். பேண்டு வாத்தியம் கல்லூரிப் பாட்டை வாசித்து முடிக்கும் வரை எழுந்து நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டு முடிவதற்குள் நகர்வது மரியாதை இல்லை. அப்புறம்தான் தாழைத் திறந்தேன். போர்வையை அவர் மேல் சரியாகப் போர்த்திவிட்டுப் போனை எடுத்து வில்மாவைக் கூப்பிட்டேன்.

நேற்று நீங்கள் இரண்டு விஷயம் சொன்னீர்கள். கோயின் போன் என் டிரக்கில், அவர் அணைத்து வைத்தது அணைத்தபடியே கிடைத்தது, அவர் வாசலில் பேசிக்கொண்டிருந்தது மினசோட்டாச் சம்பந்திகளோடு, ரேடியோ பக்கமே போகவில்லை என்றீர்கள். அப்படியானால் அவருக்கு முடிவு தெரிந்திருக்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான். அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன். வில்மாவிடம் அதற்கு மன்னிப்புக் கேட்கத் தயார். அவள் என்னைப் பார்க்க வர மாட்டேன் என்கிறாளாம்.

இரண்டாவதாகச் சொன்னது, அந்த ஆட்டம் மத்தியானமே முடிந்துவிட்டது, சர்ச்சில் கேக் வெட்டும்போதே லட்லோ ஜெயித்தாகிவிட்டது, நீ எழுந்து கதவைத் திறந்திருந்தாலும் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது என்று. இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், நான் ஏதோ சின்னப் பிள்ளை மாதிரி. பதிவு என்பது எனக்குத் தெரியாதா? பட்டனை அழுத்தினவனே நான்தானே. ஆனால் டெபுடி, அவர் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புள்ளி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் தட்டுவதை நிறுத்தின நிமிஷம் ஜெயித்ததைப் பார்த்தேன். மாத்திரை எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அவர் கேட்பது காதில் விழுந்து, நான் எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மத்தியானமே முடிந்துவிட்டது என்பதை மட்டும் என் வாக்குமூலத்தில் சேர்க்காதீர்கள். நான் பார்த்தது அது இல்லை.

ஒரே ஒரு உதவி. இந்த வெற்றியால் நமக்குப் புத்தாண்டு ஆட்டம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஆட்கள் வீட்டைச் சோதித்துவிட்டுப் போகும்போது கராஜ் கதவைத் திறந்து போட்டுவிட்டார்களாம். அதைச் சாத்தித் தாழ் போடச் சொல்லுங்கள். கோட்டைச் சோபாவில் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை நான் இங்கே ஜெயில் டிவியில் பார்த்துக்கொள்கிறேன், தூரம் ஒரு பொருட்டில்லை. கராஜில் இனி யாரை உட்கார வைப்பது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.