மூன்று ஹெல்மெட்டும் ஒரு கண்ணும்

“இதெல்லாம் வராமலே போகட்டும், மாப்ள.”

திருநகரிலிருந்து பெரியார் நிலையம் போகும் பேருந்து. கம்பியைப் பிடித்து நின்ற எனக்குக் கீழே இரண்டு கல்லூரிப் பையன்கள், மடியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையும் கொஞ்சம் வெயிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். சொன்னவனின் இடது கண் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“ஏன்டா? மூணு கம்பெனிக்காரன் போட்டி போட்டு ஹெல்மெட் செய்றான். மாட்டுனா கேமுக்குள்ளயே நிக்கலாம். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். பந்து நெசமாவே மூஞ்சிக்கு வருமாம்.”

“அதான் சொல்றேன். கிரவுண்டுல பந்து எம்புட்டுத் தூரத்துல வருதுன்னு இந்த ஒத்தக் கண்ணுக்குப் பிடிபடாது. அம்பயரா நிக்க வச்சீங்க. கேம் கடை டிவியில எல்லாருக்கும் தட்டையாத்தான் தெரியுது. அங்க மட்டுந்தான் நான் ஜெயிக்கிறேன். அதையும் புடுங்கப் பாக்குறானுக.”

பழங்காநத்தம் தாண்டியதும் மற்றவன் அவன் பக்கம் திரும்பினான்.

“அது வந்துட்டா, நான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஆடுறேன்டா.”

“வேணாம்டா. ரெண்டையும் தொறந்து வச்சுக்கிட்டே எங்கிட்டத் தெனம் தோக்குற. ஒண்ணையும் மூடுனா பாவமில்லையா?”

இருவரும் சிரித்தார்கள். கண் பூத்தவன் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்து, மூன்று ஹெல்மெட் படங்களையும் நிதானமாகப் பார்த்தான்.

“இதுல எது மாப்ள மொதல்ல வருது?”