மீன் கூட்டத்துக்கு அப்பால்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. கடலில் நாங்கள் குடிப்பது கழுநீர் மாதிரி இருக்கும். நான் நானாகத்தான் வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இறந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். சின்னப் படகில் தனியாகத் தொழிலுக்குப் போவார். நான் ஆறு பேர் வேலை செய்யும் விசைப்படகை ஓட்டுகிறேன். இந்த வருடம் கடல் கையை விரித்துவிட்டது. பெட்டி நிறைய ஐஸ் கொண்டுபோய், ஐஸையே திருப்பிக் கொண்டுவந்தோம்.

அன்று காலை பத்து மணி இருக்கும். அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"மச்சான், மீன் இங்க கல்யாணக் கூட்டமா நிக்குது. என் வலை பத்தாது. நீங்க வாங்க."

வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

நாங்கள் போனபோது தண்ணீர் கறுத்துக் கொதிப்பதுபோல இருந்தது. அவ்வளவும் மீன். அதற்கு அப்பால் அவர் படகு கவிழ்ந்து கிடந்தது. பைனாகுலரில் பார்த்தேன். படகின் அடிப்பாகத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நேராகப் போனால் கூட்டம் கலைந்துவிடும். சுற்றிப் போவதற்குள் மீன் அடியில் இறங்கிவிடும். அவர் நன்றாக நீந்துவார், படகும் மூழ்கவில்லை. முதலில் வலையை வளைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

இன்ஜின்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அங்க யாரோ கை காட்டுறாங்களே?"

"நம்ம மாப்பிள்ளைதான். மீன் நிக்கிற பக்கத்தைக் காட்டுறாரு. நீங்க வலையை விடுங்க."

பைனாகுலரை அவரிடம் கொடுக்கவில்லை.

இழுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் காற்று பலத்தது. தளத்தில் முழங்கால் அளவுக்கு மீன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் போனோம். படகு மட்டும் மிதந்தது. இரண்டு நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது.

"நீ போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சாண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமாம்மா."

"நீயாவது தேடினியே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலை மிதிக்க எனக்கு முகமில்லை.

நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மை. மீதியையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின்காரர் சந்தேகப்படக் கூடாதே என்று நானும் கையைத் தூக்கி மாப்பிள்ளைக்கு ஆட்டினேன். அவர் பார்த்தார். நான் வந்துவிடுவேன் என்று நம்பியிருக்க வேண்டும். ஆட்டிய கையை இறக்கிவிட்டு, படகின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அவருக்கு அந்தப் பக்கமாக, கை காட்டினால் தெரியும் தூரத்தில் வேறொரு படகு போனது. அதை அவர் கூப்பிடவே இல்லை.