மாடு புடிச்ச கை

அந்தச் செவப்புத் தண்ணி வேணாங்கய்யா. சீசாவ அங்குட்டே வைங்க. போன வாரம் ஊத்திக் குடுத்தீகள்ல, ஒரே ஒரு வேளைதான் குடிச்சேன். மிச்சத்தக் கண்மாயில கொட்டிட்டேன்.

கோவிச்சுக்கிறாதீக கம்பவுண்டரய்யா. மருந்து கேட்டுச்சா இல்லையான்னு பெறகு சொல்றேன். மொதல்ல நோட்டுல எழுதிக்கிருங்க. பேரு செம்மல. ஊரு நெக்குப்ப. தொழிலா? அதத்தான் நானும் ஊர்ல கேட்டுக்கிட்டுத் திரியிறேன். போன மாசி வரைக்கும் மாடு புடிச்சேன். மஞ்சுவெரட்டுல. இருவத்திரெண்டு வருசம். இப்பக் கடலக் கொல்லையில கள வெட்டுறேன்.

நீங்க மஞ்சுவெரட்டு பாத்ததில்லையா? அப்பச் சரி. தொழுவ விட்டுக் காள வரும். கழுத்துல துண்டு கட்டிருக்கும். ஒரு கையால திமில அணைக்கணும், மறு கையால முடிச்ச அவுக்கணும். அது எத்தன துள்ளு துள்ளுனாலும் சரி, துண்டு கைக்கு வார வரைக்கும் பிடிய விடப்புடாது. விட்டா, கொம்பு வவுத்துல. அம்புட்டுத்தான் வெளையாட்டு.

அந்த மாசியிலதான் ஒரு காள இடுப்புல குத்திருச்சு. எந்திரிச்சு நடக்க ரெண்டு மாசம். ஊருக்குத் தலைவரு, அம்பலகாரரு, கூப்புட்டு விட்டாக. மெய்யநாதன் அம்பலம். பேச முந்தி மீசய இப்பிடி ரெண்டு தரம் தடவுவாக, பாருங்க. தொண்டயச் செருமுவாக. ம்க்கும்... செம்மல... வயசாயிருச்சுல்ல. எளவட்டங்க புடிக்கட்டும். நீயி... ம்க்கும்... தொழு வாசல்ல தேங்கா ஒட.

சிரிக்கிறீகளே, அவுகள மாதிரியே இருக்கோ? அவுக முன்னாடியே செஞ்சு காட்டிருக்கேன். அவுகளும் சிரிச்சாக. தேங்கா மட்டும் மாறல.

அதே மாசம் கோயில்காள செத்துச்சு. கோடித்துணி போத்தி, கொட்டடிச்சு, ஊரே குளிச்சு முழுகுச்சு. நானுந்தான் தூக்குனேன். மாடாப் பொறந்திருந்தா எனக்கும் ஒரு கோடி கெடச்சிருக்கும்.

அன்னைக்கிப் போன தூக்கந்தான். வெலா எலும்பு ஒடஞ்சு கெடந்தப்பக்கூட கட்டையாட்டம் தூங்குனவன்யா நானு. இப்ப ஒடம்பு படுக்குது, கை படுக்க மாட்டேங்குது. விரலு மடங்குறதும் விரியிறதுமாவே கெடக்கு. பால்ல கசகசா அரச்சுக் குடுத்தா எம் பொஞ்சாதி ராக்காயி. தலமாட்டுல மருதாணிப் பூ வச்சா. பூசாரி வந்து, உடுக்கயத் தட்டி, கண்ண உருட்டி, டேய் எவன்டா உள்ள இருக்கவன்னான். நாந்தாண்டா செம்மலன்னேன். வெளிய வாடான்னான். நானே வெளிய போயிட்டா உள்ள யாருடா இருக்கதுன்னேன். போயிட்டான்.

பெறகுதான் ராக்காயி இங்குட்டு அனுப்புனா.

கேட்டுச்சுங்கய்யா. நல்லாவே கேட்டுச்சு ஒங்க மருந்து. உச்சிப்பொழுதுக்கு வீட்டுக்குப் போனேன், குடிச்சேன், படுத்தேன். எட்டு மாசத்துக்குப் பெறகு ஒறக்கம். நல்ல காள வந்துச்சு, மயிலக்காள. பாஞ்சு அணச்சேன். ஒரு துள்ளு. ரெண்டு துள்ளு. மூணாந் துள்ளுல தொவண்டு போச்சு. நான் விடலயே. முடிச்ச அவுத்துட்டேன். சனமெல்லாம் சீட்டியடிக்குது.

முழிச்சுப் பாத்தா, கையில மஞ்சக்கயிறு.

கஞ்சி குடிக்க எழுப்ப ராக்காயி வந்திருக்கா. குனிஞ்சிருக்கா. கழுத்தெல்லாம் என் வெரலு. அழுகல. ரொம்ப நேரம் இருமுனா. இருமி முடிச்சுட்டு, செயிச்சிட்டீகளான்னு கேட்டா. தாலிய என் கையிலருந்து வாங்கி, அவளே முடிஞ்சுக்கிட்டு, காளையார்கோவிலுக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா.

இல்லங்கய்யா, தூங்குறதுக்கு மருந்து வேணாம். முழிச்சிருக்கத்தான் ஏதாச்சும் இருந்தா ஊத்துங்க. பச்ச மொளகாய மென்னுக்கிட்டு ஆறு நாள ஓட்டிட்டேன்.

நாளைக்குத் திரும்பி வாராளாம்.