எட்டாவது குளிர்காலத்துப் பேட்டரி

"ஒரு பேட்டரி எத்தனை வருஷம் வரும்?"

"நம்ம ஊர்ல மூணு குளிர்காலம். நல்லாப் பாத்துக்கிட்டா அஞ்சு."

"பொண்டாட்டி?"

"அதுவும் பாத்துக்கறதைப் பொறுத்துதான்."

"அப்ப நான் ரெண்டு வருஷம்கூடத் தாங்க மாட்டேன். தினம் சாயங்காலம் அதைத்தான் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு உள்ள வர்றீங்க. என்னை ஒரு நாளாவது தூக்கியிருக்கீங்களா?"

"அது பதினஞ்சு கிலோ. நீ?"

கேட்டவள் ஜிபெக். பதில் சொன்னவன் அவள் கணவன் தௌலெத். பின்னாளில் தன் இரண்டாவது மனைவி மராலிடம் இந்தப் பேச்சை அவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மரால் அன்றைக்கே அதைக் கவனித்துவிட்டாள்.

எர்மெக், நீ இப்போது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரத்தானே எழுந்தாய்? போய்விட்டு வா... இல்லை, கொஞ்சம் உட்கார். பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள். காலை வரை இந்த டீக்கடையை விட்டு யாரும் நகரப் போவதில்லை. கேட்டுவிட்டுப் போ. எல்லோரும் அடுப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொள்ளுங்கள்.

மராலின் அக்கா என் சிநேகிதி. அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். மரால் இன்று அந்த அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். எங்கே போனாலும் பஸ்தான். தௌலெத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை.

பல்காஷ் ஏரிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதை. அதன் கடைசியில் தௌலெத்தின் வீடு. அதற்கப்பால் வெறும் வெளி. ஊர்க்காரர்களைத் தன் பழைய காரில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிடுவதுதான் அவன் பிழைப்பு. காலையில் கார் கிளம்பாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. ராத்திரிக் குளிரில் வெளியே விட்டால் பேட்டரி படுத்துவிடும். அதனால் நம் எல்லோரையும் போல அவனும் இருட்டும் முன் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவான்.

நாம் அதை வாசல் ஓரமாக வைப்போம். அவன் வைத்தது அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில். அதுவும் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை ஒன்றில் சுற்றி. ஜிபெக்கின் சால்வை. அவள் போய் ஐந்து வருடமாகியும் அதில் ஜுசான் செடியின் வாசனை போகவில்லை... மரிக்கொழுந்து போலக் கசந்து மணக்குமே, அது. படுக்கும் முன் தௌலெத் ஒரு முறை அந்தச் சால்வையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் மரால் பக்கம் திரும்புவான்.

"என் நெத்தியில என்னைக்காவது இப்படிக் கை வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

"உனக்குத்தான் காய்ச்சல் இல்லையே."

"அதுக்கு இருக்கா?"

அவன் சால்வையின் முனையை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொருகுவான்.

செத்துப்போனவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் சமையலில் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்த வீட்டை இழுக்க முடியாது. அவளுக்கு வயதும் ஏறாது. ஜிபெக் பனியில் மாட்டி இறந்தாள் என்பது மட்டும்தான் மராலுக்குத் தெரியும். அதற்கு மேல் தௌலெத் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன இலையுதிர் காலத்தில் மராலின் அண்ணன் ஒரு புது பேட்டரி வாங்கிக் கொடுத்தான். முதல் கடும்பனிக்கே அது படுத்துவிட்டது. டக்... அவ்வளவுதான், அதற்கு மேல் சத்தமே இல்லை.

"புதுசு எப்படிங்க போகும்?"

"வெயில்ல எங்கேயோ கெடந்திருக்கும். உள்ளே கெட்டுப்போறது வெயில் காலத்துல, வெளியே தெரியறது பனிக் காலத்துலதான். நான் ஓட்டறதும் சின்னச் சின்ன ஓட்டம். சரியா சார்ஜ் ஏறாது."

"அப்ப அந்தப் பழசு மட்டும் எப்படி எட்டு குளிர்காலம் ஓடுது?"

"நான் பாத்துக்கறேன் இல்ல."

என்னவோ தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை என்று சொன்னது போல இருந்தது மராலுக்கு. அன்றிரவு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். முதுகுக்குப் பின்னால் சால்வையின் வாசனை...

ஜனவரியில் தௌலெத்துக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே நாய்கூடக் குரைக்காத குளிர்.

"மரால், பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டு வந்துடு. சால்வை ஆணியில இருக்கு பாரு. மறந்துடாதே."

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். காரின் முன் மூடியைத் திறக்கக் கையை வைத்தாள். அப்படியே எடுத்துவிட்டாள்.

சார்ஜ் இருக்கிற பேட்டரி குளிரைத் தாங்கும். வற்றிப்போனது தாங்காது, உள்ளே நீர் உறைந்து பெட்டி வெடித்துவிடும். தௌலெத் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அவள் கார் கதவைத் திறந்து முன்விளக்குகளைப் போட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கொட்டகை ஓரத்தில் கிடந்த செங்கல் நான்கை எடுத்துச் சால்வையில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் வைத்தாள்.

காலையில் அந்த ஜிபெக்கின் பேட்டரி விரிசல் விட்டுக் கிடக்கும். அப்புறம் நான் வாங்கித் தருவதுதான் இந்த வீட்டில் இருக்கும்... இதுதான் அவள் நினைத்தது.

"கொண்டாந்துட்டியா?"

"ம்."

தௌலெத் கட்டிலிலிருந்தே கையை நீட்டிச் சால்வையைத் தொட்டான். "சில்லுன்னு இருக்கே."

"இப்பத்தானே கொண்டாந்தேன். சூடாகும். தூங்குங்க."

அவன் கண்ணை மூடினான். அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டி ஓர் ஓட்டை பண்ணிக்கொண்டு பார்த்தாள். விளக்குகள் வெள்ளையாய் எரிந்தன. வெகுநேரம் கழித்து மஞ்சளாயின. அப்புறம் பழுப்பு. அப்புறம் அடுப்புக் கங்கு மாதிரி இரண்டு சிவப்புப் புள்ளி...

அணைந்தன.

மரால் மூச்சை விட்டாள். அந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அப்படி நிம்மதியாக அவள் மூச்சு விட்டதில்லையாம். டீ ஊற்றிப் பால் கலந்து, நின்றபடியே குடித்தாள்.

கோப்பையைக் கீழே வைக்கும்போது கேட்டது.

ர்ர்ர்... ர்ர்ர்... டக்.

கார்ச் சாவி அவள் கோட்டுப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ர்ர்ர்... டக்.

ஜன்னல் ஓட்டையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இரண்டு புள்ளிகள். சிவப்பு பழுப்பானது, பழுப்பு மஞ்சளானது. பிறகு அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். சுவரில் ஜன்னல் கட்டத்தின் நிழல் விழுந்தது. அந்த நிழலுக்குள் இன்னொரு நிழலும் இருந்தது. தலையில் சால்வை இல்லாத ஒரு பெண்ணின் தலை.

ஜுசான் வாசனை. சால்வையிலிருந்து வரவில்லை. கதவு இடுக்கிலிருந்து வந்தது.

"விளக்கு எரியுது," என்றான் தௌலெத். அவன் விழித்திருந்தான்.

"ஒண்ணுமில்ல. காய்ச்சல்ல அப்படித் தெரியுது."

"அன்னைக்கும் விளக்கைப் போட்டுத்தான் வெச்சிருந்தேன்... இருட்டுல ஜிபெக் பயப்படக் கூடாதேன்னு. பேட்டரியைக் கழட்டினதும் அதுவும் அணைஞ்சு போச்சு."

மரால் ஜன்னலிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"பனிக் குவியல்ல வண்டி சொருகிக்கிச்சு. பேட்டரியும் படுத்துடுச்சு. நம்ம புகைபோக்கி அங்கேயிருந்தே தெரிஞ்சுது, மரால். அவ்வளவு பக்கம். அவளுக்குக் கால் சுளுக்கி ஊன முடியல. பேட்டரியைக் கொண்டுபோய் அடுப்பு ஓரம் கொஞ்ச நேரம் வெச்சா வண்டி கிளம்பிடும், அவளை உக்கார வெச்சே வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடலாம்னு நெனச்சேன். ரெண்டு கையும் இதுலயே இருக்கு, உன்னை அப்புறம் வந்து தூக்கிக்கறேன்னு சொன்னேன். அவ தலையில இருந்த சால்வையை உருவி பேட்டரியைச் சுத்திக் கொடுத்தா. வழியில உறைஞ்சிடக் கூடாதுன்னு."

"நீங்க திரும்பிப் போகலையா?"

"போனேன். அதுக்குள்ள புயல் பிடிச்சுக்கிச்சு. நீட்டின கை தெரியல எனக்கு. விடியற வரைக்கும் கத்திக்கிட்டே சுத்தினேன்." அவன் கை மறுபடி சால்வைக்குப் போயிற்று. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவ. அதைப் போட்டுட்டு என்னைத் தூக்குன்னு. கேட்டிருந்தா போட்டிருப்பேன். கேக்கவே இல்ல."

இரண்டு வருடமாக மரால் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாளோ, அவளும் இதே பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் செத்திருக்கிறாள். மரால் ஜன்னலை விட்டு வந்தாள். அவள் சால்வையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அதைக் கொண்டாரலைங்க," என்றாள். "உள்ள இருக்கறது செங்கல். வேணும்னுதான் பண்ணினேன். இருங்க, ஓடிப்போய்க் கழட்டிட்டு வந்துடறேன்."

சால்வையை இழுத்தாள்.

செங்கற்கள் இல்லை. பேட்டரி இருந்தது. அதன் மேல் பனித்துகள்கள். அடுப்பின் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றுகூடக் கரையவில்லை. வெள்ளைப் பொடி பூத்த முனையில் நீளமாக ஒரு கறுப்புத் தலைமுடி சுற்றியிருந்தது.

வெளியே விளக்குகள் இன்னும் எரிந்தன. எதிலிருந்து எரிந்தனவோ... தெரியாது.

கார்க் கதவு திறந்தது. பனியில் ஒரு காலடி. அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம். மறுபடி ஒரு காலடி. மறுபடி இழுக்கிற சத்தம். வாசலில் வந்து நின்றது.

தௌலெத் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தான். நாள் முழுக்க நிற்க முடியாதவன் எழுந்து நின்றான். கதவைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். மரால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவே கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. கோபமாக இல்லை. வெகுநாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்பது போல மெதுவாக...

"பேட்டரியை நானே உள்ள வெச்சுட்டேன். இப்ப உங்க கை காலியாத்தானே இருக்கு. என்னைத் தூக்கிக்கோங்க."