வரிப்பலகை இருக்க வேண்டிய இடம்

நான் மேற்கண்ட முகவரியில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது இருபத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. கட்டடக்கலை படித்துவிட்டு அரசுக் கட்டடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொதுக் கட்டடங்களின் வெளிச்சுவரிலும் உள்சுவரிலும் பதிக்கும் பலகைகளைச் சோதித்து, எது ஏற்றது என்று பரிந்துரை செய்வது என் பொறுப்பு. குழந்தைகள் மருத்துவமனையில் காணாமல் போனதாகப் புகார் தரப்பட்டுள்ள மாதிரிப் பலகை குறித்துக் காவல் ஆய்வாளர் விசாரித்ததன் பேரில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேற்படி மருத்துவமனைக்குப் புதிய கட்டடம் எழும்பி வருகிறது. வெளிச்சுவருக்கான மாதிரிகளை மொட்டை மாடியில் வெயிலுக்கும் மழைக்கும் விட்டிருக்கிறேன். உள்சுவருக்கு வந்த மூன்று மாதிரிகளின் மூலையில் தீச்சுடரைக் காட்டிப் பார்த்தேன். மரம் போன்ற பலகை பற்றிக்கொண்டதால் அதை ஒதுக்கிவிட்டேன். மற்ற இரண்டும் மூலை கறுத்ததோடு சரி. அவற்றில் ஒன்று பளபளவென்று பூச்சு போட்டது. இன்னொன்று சிமெண்டும் நாரும் சேர்த்து அழுத்திய சாம்பல் நிறப் பலகை. அதன் நீளவாக்கில் விரல் பதியும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அதை எல்லோரும் வரிப்பலகை என்றார்கள். அதிகாரியின் மேசையில் எந்தப் பலகையும் அழகாகத்தான் இருக்கும், பிள்ளைகள் சாய்ந்து, கிறுக்கி, துடைப்பவர்கள் வாளியால் இடித்தால்தான் அதன் குணம் தெரியும் என்பதால், இரண்டையும் இப்போதுள்ள கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண் வார்டுக்கும் குளியலறைக்கும் இடையே உள்ள நடையில் மாட்டச் செய்தேன்.

மாட்டுவதற்கு முன் பலகையின் பின்புறம் நானும் ஸ்டோர் கீப்பரும் கையெழுத்திட்டோம். அது எங்கள் வேலையில் உள்ள முறை. பிறகு சரக்கு வந்து இறங்கும்போது அந்த மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் ஏற்றுக்கொள்வோம். மாதிரி தொலைந்தால் ஸ்டோர் கீப்பர் பதில் சொல்ல வேண்டும். அவர் விரைவில் ஓய்வு பெற இருக்கிறார்.

அதன் பிறகு என் மேலதிகாரி வந்து பார்த்தார். வரிப்பலகையைப் பார்த்து, "என்னம்மா இது, உழுது போட்ட நிலம் மாதிரி இருக்கு? இந்தப் பள்ளத்துல சேர்ற அழுக்க யாரு நோண்டிக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. என் இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் கறுப்பாக மினுமினுப்பு ஏறியிருந்தது. மற்ற பள்ளங்கள் சுத்தமாக இருந்தன. ஏன் ஒன்றில் மட்டும் என்று நான் யோசிக்கவில்லை. அழுக்குப் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பளபளப்புப் பலகையையே பரிந்துரைக்க இருந்தேன்.

அதன் பிறகு தரை வேலைக்காகக் கண் வார்டை மேல்மாடிக்கு மாற்றினார்கள். நான் அடுத்த முறை சென்றபோது நடையில் பளபளப்புப் பலகை இருந்தது, வரிப்பலகை இல்லை. ஸ்டோர் கீப்பர் புகார் கொடுத்தார். வார்டில் இருக்கும் சிறுமி ஒருத்தியின் தகப்பனார் திருப்புளியோடு நடையில் நின்றதைப் பார்த்ததாக வாயிற்காவலர் சொன்னதால், லாரி ஓட்டுநரான அவரை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறார். மருத்துவமனையில் அந்தச் சிறுமிக்கு அவரைத் தவிர வேறு துணை இல்லை.

அதன் பிறகு தலைமைக் காவலர், ஸ்டோர் கீப்பர், ஓட்டுநர், நான் ஆகிய நால்வரும் மேல்மாடி வார்டுக்குச் சென்றோம். சிறுமியின் கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே உள்ள சுவரில் வரிப்பலகை இருந்தது. கீழ் மூலையில் நான் தீக்காட்டிய கறுப்பைக் கொண்டு அது அதே பலகைதான் என்று அடையாளம் காட்டினேன். மாட்டும்போது ஏன் தடுக்கவில்லை என்று காவலர் கேட்டதற்கு அங்கிருந்த நர்ஸ், "நான் கான்ட்ராக்டர் ஆளுன்னுல்ல நெனச்சேன்! இந்த ஸ்டூலு ஆடுது, அதையும் கொஞ்சம் பாருங்கண்ணேன்னேன். அவரும் பாத்துக் குடுத்தாரே!" என்றார். ஸ்டூல் இப்போது ஆடவில்லை.

ஓட்டுநர் சொன்னது: "கண்ணுல கட்டுப் போட்டதுலேருந்து பாப்பா என்னை விட்டு நகராது சார். கீழ இந்தப் பலகையத் தடவிக்கிட்டே தானா பாத்ரூம் போய்ட்டு வர ஆரம்பிச்சுது. பலகை முடிஞ்சா கதவுன்னு அதுக்குக் கணக்கு. மேல வந்ததும் கட்டில விட்டே எறங்க மாட்டேங்குது. நான் எடுத்துட்டுப் போகல சார். எடம் மாத்தினேன், அவ்வளவுதான்."

பலகையைச் சுற்றிச் சுவரில் வேண்டாத துளைகள் இருந்ததைக் காட்டி, அரசுச் சுவரைச் சேதப்படுத்தியதாகவும் எழுத வேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் சொன்னார். லாரியில் தகடுகளை நிறுத்தி ஏற்றும் பழக்கத்தில் முதலில் பலகையை நெட்டுக்குத்தாக மாட்டிவிட்டதாக ஓட்டுநர் ஒப்புக்கொண்டார். அப்போது மகள் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது மேல போகுதுப்பா. நான் பாத்ரூமுக்குல்ல போகணும்" என்றதாகவும், பிறகு கழற்றிப் படுக்கைவாட்டில் மாட்டியதாகவும் சொன்னார். தலைமைக் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சிறுமி கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். "மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்றார் நர்ஸ். அவள் விரல் அந்த ஒரே பள்ளத்தில்தான் வந்தது. நான் அழுக்கு என்று குறித்தது எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்டோர் கீப்பர் பலகையில் சாய்ந்தபடி நின்றிருந்தார். அவள் விரல் அவர் சட்டையில் பட்டு நின்றது. "யாரு? எங்க சுவத்துல நிக்கிறீங்க" என்றாள். அவர் சட்டென்று விலகினார். அவள் பலகை முடியும்வரை போய், கையை எடுக்காமலே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு ஸ்டோர் கீப்பர் "பலகை வெளிய போகலைல்ல, வார்டுலதான இருக்கு" என்று காவலரிடம் சொல்லிவிட்டு, ஓட்டுநரிடம் திருப்புளியை வாங்கித் தளர்ந்திருந்த ஒரு திருகாணியைத் தானே முறுக்கினார்.

மேற்படி பலகையை வழக்குச் சொத்தாகக் கைப்பற்றித் துணி சுற்றி முத்திரையிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சரக்கு வரும்போது அதில் ஒரு பலகையை வார்டுக்கே எடுத்துச் சென்று ஒப்பிட்டுக்கொள்ள நானும் ஸ்டோர் கீப்பரும் சம்மதிக்கிறோம். கட்டுப் பிரித்த பிறகும் பார்வை எந்த அளவுக்கு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என மருத்துவர் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார். எனவே எவ்வளவு நாளைக்கு என்று என்னால் வரையறுத்துச் சொல்ல முடியவில்லை. புதிய கட்டடத்தின் எல்லா வார்டுகளிலும் பிள்ளைகளின் கையெட்டும் உயரத்தில் படுக்கைவாட்டில் வரிப்பலகை பதிக்க வேண்டும் என்று இன்று காலை பரிந்துரை கொடுத்துவிட்டேன்.

இதுவே நான் கண்டதும் கேட்டதும். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. ஓட்டுநர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். தூங்கும் மகள் விழிப்பதற்குள் அவர் வார்டில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளக் கேட்டு, கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)