ஒன்பதரைக்குள் ஒரு கையெழுத்து

— அப்பறம் உட்டேன் பாரு ஒரு டோஸ்! எங்கூட்டுக்கு வந்த ஒரம்பரையை லூசர்னு சொல்றதுக்கு நீ யாருன்னு கேட்டுப்போட்டு, டப்புனு போனை வெச்சுட்டேன்.

— யாரை லூசர்னான், சாந்தாக்கா?

— வேற யாரை? உன்னையத்தான் கண்ணு. காத்தால ஏழு மணி இருக்கும். உன்ற பெட்டியைத் தூக்கி டிரங்க்ல வெச்சுட்டிருக்கறேன், போன் அடிக்குது. டோர்னமென்ட் ஆபீஸ்னான். 'எழிலரசி லூசர், எழிலரசி லூசர்'னு ஒரே சந்தோசம் அவனுக்கு. நேத்துத் தோத்துட்டு வந்த புள்ளைய மறுநாளும் கூப்பிட்டா வைவாங்க? நம்மூர்ல எழவு விழுந்த வீட்லகூட இப்படிப் பேச மாட்டாங்க.

— அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. வண்டியை இல்ல, பேச்சை. அவன் என்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.

— அதான் சொன்னனே. லூசர்னான். அதுக்கு முன்னால ஏதோ லக்கின்னான். நக்கல் வேற! அப்பறம் 'நைன் தர்ட்டி'ன்னான், 'சைன்'னான். நான் 'ஷேம் ஆன் யூ'ன்னேன்.

— மோன் தியூ! கடவுளே!

— ஏன், எச்சாப் பேசிட்டனா?

— லக்கி லூசர்னா வசவு இல்லக்கா. டென்னிஸ்ல அது ஒரு பேரு. குவாலிஃபையிங் கடைசி மேட்ச்ல தோத்தவங்க பட்டியல் ஒண்ணு இருக்கும். மெயின் ஆட்டத்துல யாராவது உடம்பு முடியலன்னு விலகிட்டா, அந்த எடத்துக்குப் பட்டியல்ல மொதல்ல இருக்கறவளைக் கூப்பிடுவாங்க. ஒன்பதரைக்குள்ள அவளே நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். வுவாலா, அவ்வளவுதான்.

— அப்ப அவன் உன்னைத் திட்டலியா?

— ஆட வான்னு கூப்பிட்டிருக்கான்.

— அட கெரகமே! பத்தொம்பது வருசம் இந்த டெக்சாஸ்ல, ரிச்சர்ட்சன்ல குடியிருந்து இதுகூடத் தெரியாமப் போச்சே! மணி என்ன? எட்டு அம்பதா? இரு கண்ணு, இந்த எக்ஸிட்ல எறங்குனா பாலத்துக்கடியிலயே யூ-டர்ன் இருக்குது. இருவத்தஞ்சு நிமிசத்துல கிளப்புக்குப் போயர்லாம்.

— வேணாம்.

— என்னது?

— நேரா போங்க. பன்னெண்டு மணிக்கு பிளைட்டு. ஏர்போர்ட்டுக்கே போங்க.

— நெசமாலுந்தான் சொல்றியா?

— அப்பாகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. நேத்துத் தோத்தா இதோட முடிச்சுக்கறேன்னு. திங்கக்கிழமை பாரிஸ் பக்கத்துல எங்க ஊர் மேரில வேலை. முனிசிபாலிட்டி ஆபீசுன்னு வெச்சுக்கங்க. சின்னப் புள்ளைங்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் குடுக்கணும். அப்பா அங்க இங்க அலைஞ்சு வாங்கினது.

— ஏன் கண்ணு, உங்கப்பாவுக்கு இந்த ஆட்டமே ஆகாதா?

— அவரு சொல்தாக்கா. காரைக்கால்லேருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவரு. முப்பத்தஞ்சு வயசுல பென்ஷன் வாங்கிட்டு வந்துட்டாரு. 'நான் முப்பத்தஞ்சுல முடிச்சேன், உனக்கு முப்பத்தொண்ணு. இதுல என்ன வெக்கம்'ங்கறாரு.

— அவரு சொல்றதும் நாயந்தான். போன வருசம் டோர்னமென்ட்டுக்கு வந்து எங்கூட்டுல தங்குன பிரேசில் புள்ளையும் இப்படித்தான், பெட்டியும் கையுமா ஊரு ஊராச் சுத்துச்சு. பாவம், எத்தனை நாளைக்குத்தான்...

— பாவம்னு சொல்லாதீங்க.

— நான் ஒரு பேச்சுக்கு—

— பேச்சுக்கும் வேணாம். மூணு நாளா உங்க வீட்ல சோறு தின்னேன், நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அது மட்டும் வேணாம். என் ரேங்க் எத்தனைன்னு தெரியுமா?

— நானூத்தி... என்ற மக ரோஷினி கம்ப்யூட்டர்ல பாத்துட்டுச் சொன்னா.

— நானூத்தி முப்பத்தெட்டு. எல்லாரும் அந்த நம்பரைக் கேட்டதும் மூஞ்சியை இப்படி வெச்சுக்குவாங்க, நீங்க இப்ப வெச்சிருக்கற மாதிரி. உங்க ஆபீஸ்ல எத்தனை பேரு?

— மூவாயிரம் இருக்கும்.

— அதுல நீங்க எத்தனையாவது?

— அதை எவன் எண்ணுனான்!

— என்னை எண்றாங்க. வாராவாரம், திங்கக்கிழமை காலைல, உலகம் பூராவும் எண்ணி வரிசைல நிக்க வைக்கறாங்க. பதிமூணு வருஷமா அந்த வரிசைல நிக்கறேன். துனீசியால ஆறு பேரு பாக்க ஆடியிருக்கேன், அதுல ரெண்டு பேரு தோட்டக்காரங்க. ஓட்டல் வாஷ்பேசின்ல சாக்ஸ் தொவைச்சு, ஹேர் டிரையர்ல காய வெச்சு, ஈரத்தோட போட்டுக்கிட்டு ஜெயிச்சிருக்கேன். கால் சுளுக்கி நொண்டிக்கிட்டே ஆடித் தோத்திருக்கேன், ஒரு மேட்ச்சைக்கூடப் பாதில விட்டுட்டு வந்ததில்ல. இதுல எந்த எடத்துலக்கா பாவம்?

— அடேயப்பா! என்ற மாமியாகூட இப்படி மூச்சு விடாமப் பேசுனதில்ல.

— சும்மா இருந்தவளைக் கிளறி விட்டீங்க.

— சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது. இத்தனை வாய் பேசறவ, நேத்து சாயந்தரத்துல இருந்து போனை எதுக்கு ஆஃப் பண்ணி வெச்சிருக்கறே?

— சார்ஜ் இல்ல.

— என்ற சமையக்கட்டுல சார்ஜர்ல சொருகித்தான் கெடந்துது. பச்சை லைட் எரிஞ்சுது. சொல்லு அம்மிணி. கூப்புடுவாங்கன்னு உனக்கு நேத்தே தெரியும், இல்ல?

— தெரியும். லாக்கர் ரூம்ல ஒருத்தி வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவ ஆட மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. பட்டியல்ல நான்தான் மொத ஆளு.

— அப்பறம் என்ன நோவு உனக்கு?

— அவ ஆட வேண்டியது கமீலோட. இந்த டோர்னமென்ட்ல மொத சீடு, எல்லாரையும் விட ரேங்க் மேல. அவளுக்குப் பத்து வயசுல பந்து எடுத்துப் போட்டதே நான்தான்க்கா. எங்க ஊர்க் கிளப்புல எனக்கு அப்ப அதுதான் வேலை. என் பேக்ஹேண்டைப் பாத்துப் பாத்துத்தான் அவ கத்துக்கிட்டா. இப்ப அவளுக்குப் பத்தொம்பது. முன்னால நிக்க வெச்சு ஆறு-பூஜ்யம், ஆறு-பூஜ்யம்னு அனுப்புவா. அப்பறம் வலைக்கிட்ட வந்து கட்டிப் புடிச்சு, ரொம்ப மரியாதையா, 'நன்றி எழில்'னு சொல்லுவா. அதை எப்படிக்கா நான் வாங்கிக்கறது?

— அப்ப நான் அவனை வஞ்சது தப்பே இல்ல.

— ஏன்?

— லூசர்னு அவன் சொல்றதுக்கு முன்னால நீயே சொல்லிக்கிட்டு, போனை அமுத்திப்போட்டு, குப்புறப் படுத்துட்டியே. நான் வையோணும்னா உன்னையத்தான் வஞ்சிருக்கோணும். கெடக்குது போ. ஏர்போர்ட்ல எந்த டெர்மினல்? டி-யா, இ-யா?

— வண்டியைத் திருப்புங்க.

— என்னத்துக்கு? பிளைட்டு போயிரும்.

— போகட்டும்! திருப்புங்கக்கா! இந்த எக்ஸிட்டையும் விட்டீங்கன்னா நான் குதிச்சிடுவேன்!

— குதிச்சுக் கால ஒடச்சுப்போட்டு எதை வெச்சு ஆடுவே? புடிச்சுக்க!

— அய்யோ, லாரி! லாரி!

— அவன் நிப்பான். டெக்சாஸ்ல என்னைப் பாத்து நிக்காத லாரியே இல்ல. ஷூ எங்க இருக்குது?

— பெட்டிக்கு அடில. டிரங்க்ல.

— பிளைட்டுல திங்கறதுக்குத் தக்காளிச் சோறு கட்டி வெச்சிருக்கறேன். ஆட்டத்துக்கு முன்னால தின்னலாமா?

— ரெண்டு வாய் குடுங்க, இப்பவே. காலைல ஒண்ணும் எறங்கலை.

— பயமா?

— கோவம். யாரு மேலன்னு கேக்காதீங்க.

— கேக்கலை, தின்னு. ... தின்னாச்சா? கிளப்பு வந்தாச்சு பாரு. ஒம்பது பதினெட்டு. இரு இரு, என்ற போன் அடிக்குது. பாரிஸ் நம்பரு. உங்கப்பா! எடுக்கட்டுமா, விட்டர்லாமா?

— ஸ்பீக்கர்ல போடுங்க.

— அலோ, சாந்தாமணி அம்மாங்களா? ஏர்போர்ட் போயாச்சா?

— அப்பா, நான்தான். ஏர்போர்ட் போகலை. போகவும் மாட்டேன்.

— திங்கக்கிழமை மேரில உனக்காக உக்காந்திருப்பாங்க, எழிலு.

— உக்காந்திருக்கட்டும். வேற ஆளைப் பாத்துக்கட்டும்.

— யாரோட ஆட்டம்?

— கமீலோட.

— பொரட்டி எடுத்துருவா.

— எடுக்கட்டும். சும்மா எடுக்க விட மாட்டேன். ரெண்டு மணி நேரம் வெயில்ல ஓட வெச்சு, தண்ணி குடிக்க வெச்சுத்தான் விடுவேன். அவ ஜெயிச்சாலும் நாளைக்குக் காலைல படி எறங்கறப்ப என்னை நெனைக்கணும். நீங்க திட்டறதா இருந்தா அப்பறம் திட்டுங்க, நான் எறங்கணும்.

— எக்கூத், கேளு எழிலு. ஒரே நிமிஷம். நான் திட்டறதுக்குக் கூப்பிடலை.

— பின்ன எதுக்கு?

— உன் போன் அடைச்சிருக்குன்னு அந்த டோர்னமென்ட் ஆபீஸ்காரன் மொதல்ல எனக்குத்தான் பண்ணினான். அந்தம்மா நம்பரை அவனுக்குக் குடுத்ததே நான்தான்.