ஓனிக் 'கட்' சொல்லாத காட்சி

வணக்கத்துக்குரிய தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஆர்மீனியச் சங்கத் தலைவர் திரு. பெர்ஜ் தாஷ்ஜியன் அவர்களே, சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் ஓனிக்கின் துணைவியார் ஸபேல் அக்கா அவர்களே, மார்செய் நகரின் மேட்டுத் தெருக்களிலிருந்து இந்தக் குளிர்காற்றில் இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, கீழே சமையலறையில் பிலாஃப் சோற்றைக் கிளறிக்கொண்டே ஒலிபெருக்கியில் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

தேவாலயத்தில் ஓனிக்கின் நாற்பதாம் நாள் வழிபாடு முடிந்தது. அடுத்தது அவர் ஆன்மாவுக்கான விருந்து. இரண்டுக்கும் நடுவில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். "சுருக்கமா பேசும்மா ஆராக்ஸி, சோறு ஆறிடும்" என்று தலைவர் சொன்னார். முயல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயாக்கள் இயக்குநர் ஓனிக் கஸாஞ்சியனை நம் சமூகத்தின் பெருமை என்றார்கள். கலங்கரை விளக்கம் என்றார்கள். அந்த மலர்வளையத்தின் நாடாவிலும் பொன்னெழுத்தில் அதையே எழுதியிருக்கிறது. அவருடைய படத்தொகுப்பாளராக அவர் பக்கத்து நாற்காலியில் என் இளமை முழுவதையும் கழித்தவள் நான். எனக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இல்லை. மன்னியுங்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இந்தப் பெருமை அவர் உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தது?

தோல் வெட்டும் தொழிலாளியின் மகன் அவர். வீட்டு முன்னறையிலேயே செருப்புப் பட்டறை. அந்தப் பட்டறையைத்தான் தன் முதல் படமாக எடுத்தார், 'தோலும் தையலும்.' அதை இதே மண்டபத்தில் திரையிட்ட அன்று என்ன நடந்தது? விளக்கு போட்டதும் ஒரு பெரியவர் எழுந்து, "ஏன்டா ஓனிக், நம்ம வீடெல்லாம் இவ்ளோ அழுக்காவா இருந்துச்சு? பிரெஞ்சுக்காரன் பாத்தா என்ன நினைப்பான்?" என்று கேட்டார். ஓனிக் சொன்னார்: "ஒண்ணும் நினைக்க மாட்டான் மாமா. அவன் பாக்க வரவே இல்ல." மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிறகு பாரிஸ். கதையோடு போய் உட்கார்ந்தால் தயாரிப்பாளர்கள் கேட்டார்கள்: "ஆர்மீனியப் படம்னா மலை எங்கே? பழைய மடம் எங்கே?" இவர் சொன்னார்: "எங்க தெருவில டிராம் போகுது. அதை வேணா மெதுவா ஓட்டச் சொல்றேன்." அந்தப் படம் நின்றது. சோப்புத்தூள் விளம்பரம் எடுத்தார். நம் பிள்ளைகளின் கல்யாணங்களை எடுத்தார். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஓனிக் கஸாஞ்சியன் எடுத்த கல்யாணப் படம் இருக்கிறது! கேக் வெட்டுவதை அவர் சரியாக எடுக்கவில்லை என்று எத்தனை பேர் சண்டை போட்டீர்கள்!

பிறகு யெரெவான், நம் தாய்நாட்டின் தலைநகர். அங்கே திரைப்பட விழாவில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரெஞ்சுக்காரரா இருந்தும் நம்ம மொழியை நல்லாவே பேசறீங்க" என்று பாராட்டினார். திரும்பும் விமானத்தில் ஓனிக் என்னிடம் சொன்னார்: "பாரும்மா, பாரிஸ்ல நான் ரொம்ப ஆர்மீனியன். யெரெவான்ல விருந்தாளி. மார்செய்ல தோல் வெட்டறவன் பையன். படம் எடுக்கிறவனா எந்த ஊர்ல இறங்கறது, சொல்லு?"

 அந்தக் கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லா இயக்குநர்களும் காட்சி முடிந்ததும் 'கட்' என்பார்கள். இவர் சொல்ல மாட்டார். "நல்லது, ரொம்ப நல்லது" என்று முணுமுணுத்துவிட்டு, கையைப் பையில் விட்டுக்கொண்டு நிற்பார். நடிகர்கள் முடிந்தது என்று நினைத்துத் தோளைத் தளர்த்துவார்கள், மூக்கைச் சொறிவார்கள், பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். "நடிப்பு முடிஞ்சதுக்கு அப்புறம்தான் ஆள் வருவாங்க. கதவைச் சாத்திடாதே" என்பார். அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

இனி அவருடைய கடைசிப் படத்துக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தெரியும் ஐயா.

'கீழ்த்தளச் சமையலறை.' எடுத்து முடித்து, தொகுத்து முடித்து, ஒலி சேர்த்து முடித்த படம். இன்று வரை ஒரு மண்டபத்திலும் ஓடவில்லை. ஏன்? தொலைக்காட்சிக்காரர்கள், தொடக்கத்தில் ஒரு குரல் வந்து ஆர்மீனியர்கள் யார் என்று விளக்க வேண்டும் என்றார்கள். நம் சங்கம், ஒரு காட்சியை வெட்டினால் நம் முன்னோரைப் பாலைவனத்துக்கு விரட்டிக் கொன்ற படுகொலையின் நினைவு நாளன்று பெரிய அரங்கில் திரையிடலாம் என்றது. ஒருவர் சேர்க்கச் சொன்னார், ஒருவர் வெட்டச் சொன்னார். இருவருக்கும் நடுவில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. இப்போது படம் ஸபேல் அக்காவுடையது. அந்த வெட்டுக்குச் சம்மதமா என்று இன்று பதில் சொல்ல வேண்டும் என அவரிடம் கேட்டிருக்கிறார்கள். காலையில் தேவாலய வாசலில் அக்கா என் கையைப் பிடித்து, "நீ பேசி முடி. அதுக்கப்புறம் சொல்றேன்" என்றார். அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

அது என்ன காட்சி? இந்த மண்டபத்தின் கீழ்த்தளத்தில் எடுத்த காட்சி. கதையில் யாரோ இறந்துவிட்டார். நாற்பதாம் நாள் விருந்துக்கு நம் பெண்கள் சமைக்கிறார்கள். நடிகைகள் அல்ல, நம் பெண்களேதான். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசி முடித்தார்கள். ஓனிக் "நல்லது" என்றார். பெண்கள் முடிந்தது என்று நினைத்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிக் காலை நீவினாள். அப்போது ஹ்ரிப்சிமே அம்மா, நம் தலைவரின் தாயார், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் அடக்கம் செய்த ஹ்ரிப்சிமே அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"செத்தவன் குடுத்து வச்சவன்டி. சோறு வெந்துச்சா வேகலையான்னு கேக்க மாட்டான்."

"உங்க வீட்டுக்காரர் கேட்டாராக்கும்?" என்றாள் ஒருத்தி.

"அந்த மனுஷன் உயிரோட இருந்தப்பவே கேக்கலையே! ஆயுசு பூரா நான் வேக வைக்காததைத் தின்னாரு. அவருக்கு நாப்பதாம் நாள் நீங்க சமைச்சீங்க பாரு, அன்னைக்குத்தான் நல்ல சோறு. பாவம், அன்னைக்கு அவரு வரல!"

சமையலறையே குலுங்கியது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டார், அவ்வளவு சிரிப்பு. இப்போதுகூடக் கீழே யாரோ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். நீங்கள்தானே அன்றும் சிரித்தீர்கள்!

இந்தச் சிரிப்பைத்தான் வெட்டச் சொல்கிறார்கள். மாண்டவர்களின் நினைவு நாளில் சிரிப்பா என்கிறார்கள். போன மாதம் தலைவர் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது, வலித்தது. "எங்கப்பாவை எங்கம்மா கிண்டல் பண்றதை ஊரே உக்காந்து பாக்கணுமா ஆராக்ஸி? உன் அம்மாவா இருந்தா விடுவியா?" தலைவர் அவர்களே, இதை மேடையில் சொன்னதற்கு என்மேல் கோபப்படுங்கள். ஆனால் நீங்கள் ஒரு மகனாகக் கேட்ட கேள்வி அது. அதைச் சங்கத்தின் தீர்மானமாக மாற்றிவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓனிக்கின் வீட்டில் உங்களுக்கெல்லாம் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். நினைவிருக்கிறதா? சிரிப்பு தொடங்கியதும் நீங்கள் எழுந்தீர்கள். கோட்டை எடுத்தீர்கள். நீங்கள் எழுந்ததால் நிர்வாகிகளும் எழுந்தார்கள். ஓனிக் மாடிப்படியில் உங்கள் பின்னால் ஓடினார். "பெர்ஜ், இன்னும் கொஞ்சம்டா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. உக்காந்து பாத்துட்டுத் திட்டுடா" என்று கெஞ்சினார். தெருக்கதவு சாத்தப்படும் சத்தம் மேலே எனக்குக் கேட்டது. திரும்பி வந்தவர் திரையைப் பார்க்கவில்லை, காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் நீங்கள் இருவரும் பேசவே இல்லை. ஒரே பெஞ்சில் படித்தவர்கள்!

நீங்கள் கேட்காமல் போனது இதுதான். சிரித்துச் சிரித்து உங்கள் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேல்துணி முனையால் துடைக்கிறார். மூடியை எடுத்துப் பானையைப் பார்க்கிறார். யாரிடமும் சொல்லாதது போலச் சொல்கிறார்:

"எங்கம்மா வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கும் இந்தச் சோறு போடலடி. போடணும்னுதான் அவ சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. நாப்பதாம் நாள் எண்ணணும்னா செத்த நாள் தெரிய வேணாமா? பாலைவனத்துல யாரு எண்ணிட்டிருந்தா..."

பிறகு மூடியைப் போட்டுவிட்டு, "உப்பு போட்டாச்சா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

நினைவுத் தூண்கள் எத்தனை எழுப்பினோம்! தீர்மானங்கள் எத்தனை நிறைவேற்றினோம்! இதை யாராவது சொன்னோமா?

அந்தப் பேச்சைப் பற்றி என்னிடம் பிறகு கேட்டறிந்த நிர்வாகிகள் சிலர் இப்போது, "அந்தக் கடைசிப் பேச்சு இருக்கட்டும், சிரிப்பை மட்டும் எடுத்துடு" என்கிறார்கள். ஸபேல் அக்கா கேட்டதற்காக நான் வெட்டியும் பார்த்தேன். என் தொழில் அது. முடியாது என்று பார்க்காமல் சொல்லக் கூடாது. சிரிப்பை எடுத்துவிட்டால், ஓர் அம்மா கண்ணீரோடு வந்து நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல இருக்கிறது. யாரோ எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது. கண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நான் வெட்டியது சிரிப்பை. இல்லாமல் போனது ஹ்ரிப்சிமே அம்மா. உடனே ஒட்டிவிட்டேன்.

பெரியோர்களே! ஓனிக் கஸாஞ்சியனுக்குச் சிலை வேண்டாம். தெருவுக்கு அவர் பெயர் வைக்கலாம் என்று சற்று முன் ஒருவர் சொன்னார், அதுவும் வேண்டாம். ஒருவருடைய படத்தைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டு, அவருடைய நாற்பதாம் நாளுக்கு மட்டும் முழுதாக உட்கார்ந்திருப்பது என்ன மரியாதை?

என் உறுதிமொழியைச் சொல்லி முடிக்கிறேன். இந்தப் படத்தின் தொடக்கத்தில் எந்தக் குரலும் வந்து நம்மை விளக்காது. நடுவில் எந்தச் சிரிப்பும் குறையாது. பெரிய அரங்கு இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் போடுவேன். பள்ளிக்கூடம் தராவிட்டால் வீடு வீடாகப் போடுவேன். அதற்கு ஸபேல் அக்கா சம்மதிக்க வேண்டும். ஆனால் அக்கா, பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். பார்க்காமல் மறுக்கவும் வேண்டாம்.

பின்னால் மேஜைவிரிப்பு போட்டு மூடி வைத்திருப்பது இனிப்புத் தட்டு அல்ல, புரொஜெக்டர். அந்தக் காட்சி என் பேச்சைவிடச் சிறியது. கீழே இருக்கும் பெண்களே, அடுப்பைத் தணித்துவிட்டு மேலே வாருங்கள். சோறு ஆறினால் ஆறட்டும். ஓனிக் கேட்க மாட்டார்.

தலைவர் அவர்களே, உங்கள் கோட்டு கதவருகில் மாட்டியிருக்கிறது. நீங்கள் போவதானால் யாரும் தடுக்க மாட்டோம். உங்கள் அம்மா 'உப்பு போட்டாச்சா' என்று கேட்கும் வரை மட்டும் கதவருகில் நில்லுங்கள்.

காலையிலிருந்து நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆண்டவர் ஓனிக்கின் ஆன்மாவுக்கு ஒளி தரட்டும் என்று. தரட்டும். ஆனால் அவர் சினிமாக்காரர். முதலில் இந்த மண்டபம் இருட்டாக வேண்டும்.

விளக்கு சுவிட்ச் உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது, தலைவர் அவர்களே.